ட்ராக்டருக்கு அந்தப் பக்கம்

அன்சார் பாயிடம் இதைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். இடது கையை நீட்டிக் காட்டுவார். நடு விரலில் நகம் இருக்காது. அதோடு பேச்சு முடிந்தது என்று எழுந்து போய்விடுவார்.

என்னிடம் ஒரே ஒரு முறை முழுதாகச் சொன்னார். நல்ல வெயில் நேரத்தில், கடை வாசலில் நாலு பேர் நடமாடிக்கொண்டிருக்கும்போது. பிறகு ட்ராக்டர்க்காரரின் மகள் பழனாத்தாளிடமும் போய்க் கேட்டேன். அவள் கண்ட வரையில் இரண்டு பேர் சொன்னதும் ஒரு வார்த்தை கூடப் பிசகவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

அன்சாருக்குக் கொழிஞ்சாம்பாறையில் டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடை. லாரி, ட்ராக்டர், போர் போடும் வண்டி, எதுவாக இருந்தாலும் பம்ப் என்றால் அவரிடம்தான் வருவார்கள். பேய், பிசாசு என்று பேச்செடுத்தால் சிரிப்பார். "இஞ்சினுக்குப் பேய் புடிக்கும்னா ஓதி ஊதியே சரி பண்ணீருவனே, எனக்கெதுக்கு ஸ்பேனரு?" என்பார். அப்படி இருந்த மனிதர்.

போன சித்திரையில் வடகரப்பதிப் பக்கத்திலிருந்து பழனாத்தாள் கூப்பிட்டாள். அவள் அப்பா ராக்கப்பனிடம் நீல நிறத்தில் ஒரு பழைய ட்ராக்டர் உண்டு. பின்னால் தண்ணீர்த் தொட்டி. கோடை வந்தால் அந்தப் பக்கத்துக் காலனிகளுக்கு அந்த வண்டிதான் தண்ணீர். அதற்கு ஒரு மாதம் முன்பு ராக்கப்பனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சும் போய்விட்டது. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பழனாத்தாளின் வீட்டுக்காரன் ஈஸ்வரன் கூட இருந்து பார்த்துக்கொண்டான். வண்டியைப் பழனாத்தாள் ஓட்ட ஆரம்பித்தாள்.

அந்த வண்டிதான் நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை அன்சார் போய்ப் பார்த்தார். வெள்ளைப் புகை. ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. இஞ்சின் ஆயில் அளவு தானாக ஏறியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். டீசல் வாடை.

"பம்ப்புல சீல் போச்சு அம்மிணி. உள்ளுக்குள்ளயே ஒழுகுது. கழட்டித்தான் ஆகோணும்."

"எத்தன நாளாகுமுங்க பாய்? காலனில கொடத்த வெச்சுட்டு ஒக்காந்திருக்கறாங்க."

"வியாழக்கெழம மாட்டித் தந்துருவன்."

தோட்டத்தில் வண்டி நின்ற கொட்டகையில் வைத்தே கழற்றினார். இந்த ட்ராக்டரில் பம்ப் இஞ்சினின் இடது பக்கம் இருக்கும். இஞ்சினைக் கையால் சுற்ற வேண்டுமென்றால் ஒருவர் வலது பக்கம் நின்று, புல்லி நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டுத் திருப்ப வேண்டும். நடுவில் இஞ்சினும் அதன் மேலே டீசல் டேங்க்கும் மறைக்கும். இந்தப் பக்கம் குந்தியிருப்பவருக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் பாதங்கள் மட்டும் அடியில் தெரியும். அன்று பழனாத்தாள் அந்தப் பக்கம் நின்று சுற்றினாள். அன்சார் இந்தப் பக்கம் குந்தி, ப்ளைவீல் ஜன்னலில் கண்ணை வைத்து, சக்கரத்தில் போட்டிருக்கும் அடையாளக் கோடு நடுவில் வந்ததும் "போதும்" என்றார். பைப்புகளைக் கழற்றி வாயைக் கட்டினார். மூன்று போல்ட்டை எடுத்துப் பம்ப்பை இழுத்து வெளியே எடுத்தார். பம்ப் இருந்த இடத்தில் ஒரு வட்ட ஓட்டை. உள்ளே பல் சக்கரங்கள் எண்ணெயில் மின்னின. ஓட்டையில் பழந்துணியைத் திணித்தார்.

"நா வர்ற வரைக்கும் புல்லிய ஆரும் தொடக் கூடாதுங்க. தள்ளவுங் கூடாது. கோடு தவறிப்போச்சுன்னா மறுபடியும் மொதல்ல இருந்து புடிக்கோணும்."

"தொடறதுக்கு இங்க ஆருங்க இருக்கறாங்க?" என்றாள் பழனாத்தாள்.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு அன்சார் பம்ப்போடு போய் இறங்கினார். பழனாத்தாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அந்திக்குள் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். புல்லி சுற்றப் பக்கத்துத் தோட்டத்து வேல்முருகனை அனுப்புவதாகவும் சொல்லியிருந்தாள். அன்சார் வேல்முருகனைப் பார்த்ததில்லை.

வீடு பூட்டியிருந்தது. சுற்றிலும் தென்னை. அப்பால் காய்ந்த காடு. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை.

வீட்டு நாய், செவலை என்று பெயர், படலுக்கு வெளியே படுத்திருந்தது. செவ்வாய்க்கிழமை அன்சாரின் காலையே சுற்றிச் சுற்றி வந்த நாய். இன்று கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. கொட்டகையைப் பார்த்துத் தொண்டைக்குள்ளேயே முனகியது.

வெயிலுக்கு அப்படி என்று நினைத்துக்கொண்டார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பழந்துணி. ஓட்டையில் அவர் திணித்துவிட்டுப் போன துணி. அது இப்போது சக்கரத்தின் மட்கார்டு மேல் இருந்தது. நாலாக மடித்து... இஸ்திரி போட்டது போல நேராக.

ப்ளைவீல் ஜன்னலில் டார்ச் அடித்துப் பார்த்தார். கோடு இல்லை.

யாரோ இஞ்சினைச் சுற்றியிருக்கிறார்கள்.

அன்சாருக்குக் கோபம்தான் வந்தது. "சொல்லிப்போட்டுத்தானே போனேன்" என்று முணுமுணுத்தார். இஞ்சினின் மேலே இருக்கும் வால்வு மூடியைக் கழற்றினார். முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் தளர்வாக இருக்கும் நேரத்தில் கோடு நடுவில் வர வேண்டும். அதற்கு ஒருவர் சுற்ற வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும். ஒற்றை ஆளாக ஓடி ஓடிச் செய்தால் விடிந்துவிடும். பம்ப்பைத் துணியில் வைத்துவிட்டு, இடது பக்கம் சாக்கு விரித்து உட்கார்ந்து, வேல்முருகனுக்காகக் காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் போயிருக்கும்.

அந்தப் பக்கம் யாரோ வந்து நிற்பது தெரிந்தது.

காலடிச் சத்தம் கேட்டதா என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை. வந்து நிற்பது மட்டும் தெரிந்தது. குனிந்து இஞ்சினுக்கு அடியில் பார்த்தார். இரண்டு பாதங்கள். கணுக்கால் வரைக்கும் செம்மண் புழுதி. அதற்கு மேல் இஞ்சின் மறைத்தது.

"வேல்முருகனுங்களா?"

"ம்."

"நல்லவேள வந்தீங்க. பழனாத்தா சொல்லுச்சுங்களா? புல்லி நட்டு தெரியுதுங்களா அக்கட்டால? ஸ்பேனரு இருக்குதுங்களா?"

"ம்."

"நா சொல்றப்ப மெதுவாச் சுத்துங்க. போதும்னா நிறுத்திப்போடோணும். செரிங்களா?"

"ம்."

பேச்சு வளராத ஆள் போல என்று விட்டுவிட்டார்.

"ம்... சுத்துங்க."

கிர்ர்ர்...

இஞ்சின் சுழன்றது. வால்வுகள் ஒவ்வொன்றாகக் கீழே போய் மேலே வந்தன. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டீசல் இஞ்சினைக் கையால் சுற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. உள்ளே காற்று அழுந்தும்போது ஸ்பேனர் திமிரும். சுற்றுகிறவர் மூச்சு வாங்குவார். காலை மாற்றி ஊன்றுவார். ஸ்பேனரை எடுத்து மறுபடி போடுவார். செவ்வாய்க்கிழமை பழனாத்தாள் நாலு முறை நின்று நின்றுதான் சுற்றினாள்.

இந்த ஆள் நிற்கவே இல்லை. ஆட்டுக்கல்லைச் சுற்றுவது போல ஒரே சீராக... கிர்ர்ர்... கிர்ர்ர்...

மூச்சுச் சத்தம் இல்லை.

அன்சார் ஒரு முறை குனிந்து பார்த்தார். பாதங்கள் இருந்த இடத்தில் இருந்தன. ஒரு விரற்கடை கூட நகரவில்லை.

"நல்ல தாட்டியமான ஆளுதானுங்க நீங்க" என்றார்.

"ம்."

"எந்த வேலைக்குங்க போறீங்க?"

"ம்."

அன்சார் சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஏனென்று அப்போது தெரியவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்று காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே தென்னை மட்டைகள் ஆடுவது தெரிந்தது. கொட்டகைக்குள் மட்டும் ஒரு காகிதம் கூட அசையவில்லை.

கோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தது.

"வந்துருச்சு... மெதுவா... இன்னொரு நூல்..."

'போதும்' என்று சொல்ல வாயெடுத்தார்.

சொல்வதற்கு முன்னால் நின்றுவிட்டது. கோடு அச்சாக நடுவில்.

அன்சார் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்தார். இருந்தாலும் வேலை கையில் இருந்தது. நாளைக் காலையில் காலனிக்குத் தண்ணீர் போக வேண்டும். பம்ப்பைத் தூக்கி ஓட்டையில் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. பம்ப்பின் தண்டு போய் உட்காரும் பல் சக்கரத்துக் காடி உள்ளே கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். வெளிச்சமும் மங்கிவிட்டது. செல்போனில் டார்ச்சைப் போட்டு டூல் பாக்ஸ் மேல் சாய்த்து வைத்தார். பம்ப்பைக் கீழே வைத்தார். "பிஸ்மில்லாஹ்" என்று இடது கையின் இரண்டு விரலை ஓட்டைக்குள் விட்டுக் காடியைத் தடவினார். சக்கரத்தின் பற்கள் விரல் நுனியில் குளிர்ந்தன. அவற்றைக் கடித்தபடி அடுத்த சக்கரத்தின் பற்கள்.

"இப்ப தொட்டுப்போடாதீங்க. கை உள்ள இருக்குது."

"ம்."

செல்போன் அடித்தது.

பழனாத்தாள்தான். வலது கை முட்டியால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், பஸ்ஸு லேட்டாயிப்போச்சுங்க. இப்பத்தான் வேலந்தாவளம் தாண்டறேன்."

"பரவால்ல அம்மிணி. வாங்க."

"இல்லீங்க... வேல்முருகனுக்குக் காலைல இருந்தே காய்ச்சலாமுங்க. படுத்துட்டானாம். இப்பத்தான் அவன் சம்சாரம் போன் பண்ணிச் சொல்லுச்சு. நீங்க அங்க ஒத்தையிலயா கஷ்டப்பட்டுட்டு இருக்கறீங்க?"



அன்சாரின் கண் மெல்லக் கீழே போனது.

இஞ்சினுக்கு அடியில்... இரண்டு பாதங்கள்.

"பாய்? ஏனுங்க பாய்? கேக்குதுங்களா?"

விரலை உருவ வேண்டும். அதுதான் முதலில் தோன்றியது. ஆனால் உடம்பு கேட்கவில்லை. கை அங்கேயே மரத்துப்போய் நின்றது. வாய் மட்டும் தானாகக் கேட்டது.

"ஏனுங்க... நீங்க ஆருங்க?"

'ம்' வரவில்லை.

முதல் முறையாக 'ம்' வரவில்லை.

கிர்ர்...

சக்கரம் அசைந்தது.

"போதும்!"

கிர்ர்ர்...

"போதுங்க! கை உள்ள இருக்குது! நிறுத்துங்க!"

நிற்கவில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நடு விரல் நுனி மாட்டியது. இழுத்தார். வரவில்லை. அவசரமே இல்லாமல், ஒரே சீராக அழுத்தம் ஏறியது. நகம் பிளப்பது காதில் கேட்டது.

"யா அல்லா..."

அப்போதுதான் அந்தச் சத்தம்.

வீட்டுப் பக்கமிருந்து.

சர்ர்ர்... டப்.

சர்ர்ர்... டப்.

ஒரு காலை இழுத்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றிக்கொண்டு யாரோ வருகிறார்கள். வேகமாக. முடியாத வேகத்தில்.

சர்ர்... டப். சர்ர்... டப். சர்ர்...

அந்தப் பக்கம் வந்து நின்றது.

சளீர் என்று, உள்ளங்கை எதையோ இறுக்கிப் பிடிப்பது போல ஒரு சத்தம்.

சக்கரம் நின்றது.

நின்றதென்றால் சும்மா நிற்கவில்லை. நடுங்கியது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுப்பது போல... அங்கும் இங்கும்... பிறகு ஒரு நூல் பின்னால் போனது.

அன்சார் கையை உருவிக்கொண்டு மல்லாந்து விழுந்தார். நகம் உள்ளேயே நின்றுவிட்டது.

விழுந்த வாக்கில் அடியில் பார்த்தார்.

பாதங்கள் இல்லை.

எப்படி எழுந்தார், எந்தத் தைரியத்தில் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார் என்று அவருக்கே தெரியாது. போனார். யாரும் இல்லை. புல்லி நட்டில் ஸ்பேனர் இல்லை. அங்கே எங்கேயும் ஸ்பேனர் இல்லை. அந்த நட்டுக்குச் சேரும் பெரிய ஸ்பேனர் அவருடைய டூல் பாக்ஸில், அவர் துண்டுக்கு அடியில் அப்படியே கிடந்தது.

நாய் உள்ளே வந்திருந்தது.

புல்லிக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வால் புழுதியைக் கூட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் இரண்டு காதும் பின்னால் அழுந்தின. தலைமயிர் படிந்தது.

யாரோ தடவிக் கொடுப்பது போல.

அன்சார் ஓடினார்.

தார் ரோட்டுக்கு வந்துதான் நின்றார். தூரத்தில் எங்கோ அந்தி நேரத்து மஃரிப் பாங்கு கேட்டது. கொஞ்ச நேரத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து பழனாத்தாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். போன் துண்டிக்கப்படாமலே இருந்ததாம். அவர் அலறியது அத்தனையும் பஸ்ஸுக்குள் அவள் காதில் விழுந்திருக்கிறது.

 பையிலிருந்த துண்டைக் கிழித்து விரலைக் கட்டினாள். அவர் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கும் வரை நின்று கேட்டாள். பிறகு நேராகத் தோட்டத்துக்குள் நடந்தாள். ஒரு பெண் பிள்ளை உள்ளே போகும்போது தான் ரோட்டில் நிற்பதா என்று அன்சாரும் பின்னாலேயே போனார்.

நாய் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. அதே மாதிரி.

"ஏண்டா செவல, இங்க ஒக்காந்துட்டு..." என்று ஆரம்பித்தவள் நின்றாள். "இவன் எங்கப்பாகிட்ட மட்டுந்தானுங்க பாய் இப்படி ஒக்காருவான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.  செல்போனை எடுத்தாள். இரண்டு முறை தவறாக அழுத்தினாள்.

மணி அடித்தது... அடித்தது... ஈஸ்வரன் எடுக்கவில்லை.

மறுபடியும் போட்டாள்.

"என்னங்க... அப்பா... அப்பாக்கு என்னாச்சு?"

"என்னாச்சா? ஒண்ணுமில்லையே. நல்லாத்தான் தூங்கறாரு. ஏன் பழனா, அழுவறியா?"

"நல்லாப் பாருங்க. மூச்சு இருக்குதா பாருங்க!"

"பக்கத்துலதான் ஒக்காந்திருக்கறேன். மூச்சு சீரா இருக்குது. இப்பத்தான் நர்ஸு வந்து பாத்துட்டுப் போனாங்க."

பழனாத்தாள் புழுதியிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்சாரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஆனால் அதற்குப் பிறகுதான் அவருக்குப் பயம் கூடியது. ராக்கப்பன் இறந்திருந்தால் கூட இது இன்னதென்று ஒரு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். அவர் உயிரோடு இருக்கிறார். அப்படியென்றால்?

"காலைல ஆளுகளோட வந்து மாட்டித் தர்றேன் அம்மிணி" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலைல ஆறு மணிக்கு நா அங்க இருக்கோணுங்க. ரெண்டு நாளா ஒரு கொடத்த வெச்சு ஓட்டறாங்க. கைக்கொழந்த இருக்கற ஊடு மட்டும் அஞ்சு. நா சுத்தறேன். நீங்க கைய உள்ள உட்டுப்போடாதீங்க."

வாசலிலிருந்து நீளமாக வயர் இழுத்து பல்பு போட்டார்கள். அவள் பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"அம்மிணி, பேசிட்டே இருங்க" என்றார் அன்சார். "நீங்கதான்னு எனக்குத் தெரியோணும்."

அவள் பேசிக்கொண்டே சுற்றினாள். மறுநாள் எந்தத் தெருவில் முதலில் நிறுத்துவது, யார் வீட்டில் பெரிய டிரம் இருக்கிறது, யார் முந்திக்கொண்டு சண்டை போடுவார்கள்... மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். ஸ்பேனர் திமிரியது, நழுவியது. அந்தச் சத்தங்கள் ஒவ்வொன்றும் அன்சாருக்குத் தேன் மாதிரி இருந்தன.

குறடு ஒன்றை ஓட்டைக்குள் விட்டு ஒட்டிக்கிடந்த நகத்தை எடுத்தார். வெளிச்சத்தைக் காட்டிக் காடியைப் பார்த்தார்.

"இன்னொரு நூல்... இன்னுங் கொஞ்சம்... போதும்."

அவள் நிறுத்தினாள்.

"ம்."

பழனாத்தாள் சொல்லவில்லை.

அது தென்னைகளுக்கு நடுவிலிருந்து வந்தது. கொட்டகைக்கு வெளியே. இருட்டிலிருந்து.

இரண்டு பேருக்கும் கேட்டது. அந்தப் பக்கம் அவள் பேச்சு நின்றுபோனதிலிருந்து அன்சாருக்குத் தெரிந்தது.  நாய் மட்டும் எழுந்து கொட்டகை வாசலில் போய் நின்று, இருட்டைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"பேசுங்க அம்மிணி" என்றார் அன்சார்.

அவள் மறுபடியும் ஆரம்பித்தாள். கடைசித் தெரு... கோயில் பக்கத்து வீடு... ரெண்டு கொடம்...

பம்ப் உட்கார்ந்தது. மூன்று போல்ட். பைப்புகள். வால்வு மூடி. டீசலைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றினார். ஒரு கை விளங்காமல், இன்னொரு கையால். அவள் கீயைத் திருப்பினாள். இஞ்சின் இருமியது... பிடித்துக்கொண்டது. அந்த இரைச்சல் போல ஒரு இனிமையான சத்தத்தை அன்சார் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. பழனாத்தாள் வண்டியை அணைக்கவில்லை. ஹெட்லைட்டைத் தென்னைகளின் மேல் போட்டபடி அப்படியே ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். அன்று இரவு வேல்முருகன் வீட்டு வாசலில்தான் வண்டி நின்றது. அவளும் அங்கேயே படுத்துக்கொண்டாள்.

காலையில் காலனிக்குத் தண்ணீர் போனது.

இரண்டு நாள் கழித்து ஈஸ்வரன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சங்கதி சொன்னான். அந்த வியாழக்கிழமை ராத்திரி நர்ஸ் அவனைப் பிடித்துத் திட்டினாளாம். நோயாளியின் கையை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று. ராக்கப்பனின் உள்ளங்கை முழுக்கக் கறுப்பு கிரீஸ். நகக்கண்ணில் எல்லாம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் முழுதாகப் போகவில்லை. ஈஸ்வரன் அந்த அறையை விட்டு நகரவே இல்லை. அங்கே கிரீஸுக்கு எங்கே போவது?

வலது கை. இழுத்துக்கொண்ட கை.

ஆடி மாதம் ராக்கப்பனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. அன்சார் ஒரு சீப்புப் பழத்தோடு பார்க்கப் போனார். காரணம் இருந்தது. அந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்கு மனசுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கட்டிலில் சாய்ந்திருந்தார் ராக்கப்பன். அன்சாரைக் கண்டதும் அவர் பார்வை நேராக இடது கைக்குப் போனது.

"வெரலு... தங்குச்சுங்களா?"

வாய் கோணிக் கோணி வந்தது பேச்சு. பழனாத்தாள் அப்பாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஈஸ்வரனும் சொன்னதில்லை.

அன்சார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். விரலைக் காட்டினார்.

"நகம் மட்டுந்தானுங்க போச்சு. நீங்க... அன்னிக்கு... புல்லிய..."

ராக்கப்பன் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"நா சுத்தல. சுத்துனவன் கையத்தான்... புடிச்சேன்."

அன்சார் குனிந்தார். "ஆருங்க அவன்? மொகத்தப் பாத்தீங்களா?"

பழனாத்தாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போகும் வரை ராக்கப்பன் பேசவில்லை.  அன்சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி, கண், தாடி என்று ஒவ்வொன்றாக. சரிபார்ப்பது போல.

"பாத்தனுங்க" என்றார்.

பிறகு அன்சாரின் காதருகே சாய்ந்து, மெல்லச் சொன்னார்.

"உங்க மொகந்தானுங்க பாய்."